வேட்டி விழுந்தது, கப்பல் நின்றது

நான் ஒருமுறை நடுக்கடலில் விழுந்து காணாமல்போயிருக்கிறேன். முக்கால் மணி நேரம்தான். அந்த முக்கால் மணி நேரமும் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கப்பல் அறையின் துணி அலமாரிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம். கப்பல்காரர்கள் என்னைக் கடலில்தான் தேடினார்கள். (“அவியளக் குத்தஞ்சொல்லி என்ன செய்ய? பொழைச்சுக் கெடக்குற மனுசன் அலமாரிக்குள்ள இருப்பாருன்னு யாருக்குத் தோணும்?” என்பாள் என் மனைவி.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெயின்ட் கடை. சில வருஷங்களுக்கு முன்பு, நன்றாக விற்பனை செய்த கடைக்காரர்களை எங்கள் பெயின்ட் கம்பெனி சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் கூட்டிப்போவதாக அறிவித்தது. இரண்டு பகல் கடலில் சுற்றிவிட்டு மறுபடி சென்னைக்கே வந்து சேரும் பயணம். ஆளுக்கு ஒரு துணை கூட்டிவரலாம். என் மனைவி கலைச்செல்வி பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு அந்த வாரம் பார்த்துப் பரீட்சை மேற்பார்வை வேலை.

“எங்கப்பாவக் கூட்டிட்டுப் போங்க. அவரு திருச்செந்தூர்க் கடலத் தவிர வேற கடல் பாத்ததில்ல” என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. கடலை நினைத்து அல்ல, மாமனாரை நினைத்து.

மாமனார் வேலுச்சாமி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் வாசலில் முப்பத்திரண்டு வருஷம் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஷிப்டு முடிந்து வெளியே போகிற ஆள் நடக்கிற நடையை வைத்தே, டிபன் பாக்ஸுக்குள் நூல்கண்டு இருக்கிறதா, மிச்சச் சோறு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். அந்தப் பார்வையை அவர் ஆலையோடு விட்டுவிட்டு வரவில்லை. நான் பெண் பார்க்கப் போய்விட்டுக் கிளம்பியபோது, வாசலில் நின்று கைகூப்பியபடியே என் சட்டைப்பையையும் பேன்ட் பையையும் ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பார்வை மாறவில்லை. ஒரு வார்த்தை குறையாகப் பேசியதில்லை. ‘வாங்க மாப்ள, போங்க மாப்ள’ என்று மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் எதிரே நின்றால், திருடாத நூல்கண்டு ஒன்று என் இடுப்பில் இருப்பதுபோலவே எனக்குத் தோன்றும்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் இடத்தைப் பார்த்ததும் மாமா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கப்பலைப் பார்த்து அல்ல. சோதனை போடுகிற இடத்தைப் பார்த்து. விமான நிலையம் மாதிரி பைகளை உள்ளே விட்டு எடுக்கும் இயந்திரம், ஆளைத் தடவிப் பார்க்கும் காவலர்கள், ஆளுக்கொரு அட்டை கொடுத்து முகத்தைப் படம் பிடிக்கும் மேசை. சொல்வதற்கு முன்பே மாமா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு போய் நின்றார்.

“இடுப்புக்குப் பின்னாடி தடவுதான் பாத்தீங்களா மாப்ள? முன்னாடி மட்டும் தடவுறவன் வேலைக்காகமாட்டான். இவன் வெவரமானவன்” என்று எனக்குக் காதோடு சொன்னார்.

தன் மடியிலிருந்த பாக்குவெட்டியை அவராகவே எடுத்து, “வெட்டுற சாமான் சார். எழுதிக்கிட்டு டோக்கன் குடுங்க” என்று ஒப்படைத்தார். அந்தக் கப்பல் காவலரின் பெயர் தாபா. நேபாளத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர், குட்டையான இறுகிய உடம்பு. பாக்குவெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு மாமாவை மரியாதையோடு ஒருமுறை பார்த்தார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கிற பார்வை அது.

அடுத்து என் பை உள்ளே போனது. இயந்திரம் நின்றது. தாபா என் பைக்குள் கைவிட்டு, இரண்டு லுங்கிக்கு நடுவே நான் சுற்றி வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுத்தார். கப்பலில் தீப்பிடிக்கும் என்பதால் அதற்குத் தடையாம். டிக்கெட்டோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. (நானும் படித்தேன். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன்.)

மாமா என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்க வீட்டு ஆளுக யாரும் இதுவரைக்கும் கேட்டுல மாட்டுனதில்ல.”

உள்ளே போனதும் எல்லாரையும் ஒரு கூடத்தில் நிறுத்தி, ஆபத்து வந்தால் எங்கே வந்து கூட வேண்டும், எப்படி உயிர்காப்பு அங்கி மாட்ட வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். வரவேற்பு மேசையில் வேலைபார்த்த ஜெனிஃபர் என்ற தூத்துக்குடிப் பெண் தமிழில் விளக்கினாள். கடலுக்குள் எதையும் போடக்கூடாது. பால்கனிக் கம்பியில் எதையும் தொங்கவிடக் கூடாது. சொன்னதைக் கேட்காத பயணிகளுக்கு முதலில் எச்சரிக்கை; அடுத்து அறைக்காவல்; அதற்கும் மேலே போனால் துறைமுகத்தில் இறக்கிப் போலீசிடம் கொடுத்துவிடுவார்கள். குடித்துவிட்டு அடிதடி செய்கிறவர்களைப் பூட்டி வைக்கக் கீழ்த்தளத்தில் ஓர் அறைகூட உண்டு.

“அந்த ரூம ஒருக்கா பாக்கலாமாம்மா?” என்று மாமா ஆசையாகக் கேட்டார்.

“அதெல்லாம் காட்டமாட்டாங்க ஐயா” என்று அவள் சிரித்தாள். மாமா எல்லாவற்றையும் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டார். நான் உயிர்காப்பு அங்கியோடு நாலு கோணத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில்தான் என் விதி சாம்பார் வடிவில் வந்தது. பதினொரு மணிக்குக் கப்பலின் அரங்கத்தில் பரிசளிப்பு விழா. எங்கள் மாவட்டத்துக் கேடயம் எனக்கு. அதற்காகவே புதுப் பட்டுக்கரை வேட்டி வாங்கி, வெள்ளைச் சட்டையும் தைத்து வைத்திருந்தேன். கப்பல்காரர்கள் பரிமாறிய சாம்பாரைப் பார்த்ததும் நம் ஊர் ருசி இருக்குமா என்று கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்துப் பார்த்தேன். கப்பல் லேசாக அசைந்தது. (மாமா சொல்லும் சாட்சியம்: “கப்பல் அசையவே இல்ல.”) நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் மஞ்சள்.

அறைக்கு ஓடிவந்து குளியலறையில் இருந்த ஷாம்புவைக் கொட்டிச் சட்டையையும் வேட்டியையும் கசக்கினேன். கறை போய்விட்டது. ஆனால் சுருக்கம் எடுக்க இஸ்திரிப் பெட்டி இல்லை. பால்கனிக் கதவைத் திறந்தால் நல்ல காற்று, நல்ல வெயில்.

“மாப்ள, போர்டு போட்டிருக்கான்” என்றார் மாமா.

“செத்த நேரந்தான் மாமா.”

“செத்த நேரத்துக்கும் சேத்துத்தான் போர்டு.”

நான் ஹேங்கரை எடுத்தேன். அவர் மேலே வற்புறுத்தவில்லை. மருமகனை அதட்டுவது அவர் பழக்கமில்லை. “நான் மேல போயி ஒரு சுத்து சுத்திட்டு வாரேன். அதுக்குள்ள எடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

துணி பறந்துவிடக் கூடாது என்று நான் செய்த ஏற்பாடுதான் என்னைக் கவிழ்த்தது. சட்டையை ஹேங்கரில் மாட்டி, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டேன். அந்த ஹேங்கரின் கீழே இருந்த இரண்டு கிளிப்பில் வேட்டியை நாலாக மடித்துக் கவ்வவிட்டேன். முழு உருவத்தையும் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். என்னைப் போலவே இருந்தது. என்னைவிடக் கொஞ்சம் கம்பீரமாகவும் இருந்தது. எட்டி மாட்டுவதற்காகச் செருப்பைக் கழற்றிக் கம்பியோரம் விட்டிருந்தேன். காற்றில் மூக்குக்கண்ணாடி விழுந்துவிடும் என்று அதையும் செல்போனையும் அங்கிருந்த சிறு மேசைமேல் வைத்திருந்தேன். துண்டோடு உள்ளே வந்து, குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முகச்சவரம் செய்ய ஆரம்பித்தேன்.

‘பட்’ என்று ஒரு சத்தம். திரும்பினேன். வேட்டி காற்றில் உப்பியது. சட்டை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு முடிவுக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி, கம்பியைத் தாண்டிக் குதித்தது.

அடுத்த விநாடி கீழ்த்தளத்தில் ஒரு பெண் அலறினாள். பாஷை புரியவில்லை, விஷயம் புரிந்தது. பிறகு பல பேர் அலறினார்கள். கப்பலின் சங்கு நீளமாக மூன்று முறை ஊதியது. கடலில் ஆள் விழுந்துவிட்டது என்று ஒலிபெருக்கி சொன்னது.

அப்போதே வெளியே ஓடி, “அது வேட்டி சார், ஆளில்ல” என்று சொல்லியிருந்தால் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். எனக்கு முப்பத்திநான்கு வயது என்பதால் தெரியவில்லை. கடலில் பொருளைப் போட்டவன் என்று போலீசில் கொடுப்பார்கள். மேடையில் கேடயம் கொடுக்க வேண்டிய விற்பனை மேலாளர் முன்னால் விலங்கோடு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மாமா கடலைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வாக்கியம் சொல்வார். எல்லாப் பயணிகளும் கூடத்துக்கு வந்து அட்டையைக் காட்டுங்கள் என்று அறிவிப்பு வந்தது. பேன்ட்டை எங்கே வைத்தேன் என்று நான் துழாவும்போதே கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். நான் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏன் அலமாரி என்று கேட்காதீர்கள். நானும் இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாவி போட்டு உள்ளே வந்தார்கள். குளியலறையை எட்டிப் பார்த்தார்கள். பாதி நுரையோடு சவரக்கத்தி கிடந்ததைப் பார்த்திருப்பார்கள். பால்கனிக்குப் போனார்கள். கம்பியோரம் ஒரு ஜோடி செருப்பு. மேசைமேல் ஒழுங்காக மடித்து வைத்த கண்ணாடி, பக்கத்தில் செல்போன். வாக்கி டாக்கியில் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் “ஓ மை காட்” என்றார். அதற்குமேல் எப்படி வெளியே வருவது? போகும்போது வாசலில் ஓர் ஆளைக் காவலுக்கும் நிறுத்திவிட்டார்கள்.

கப்பல் திரும்பியது. அலமாரியில் இருந்த ஹேங்கரெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து என் தலையில் தட்டின. தூரத்தில் மீட்புப் படகை இறக்கும் இரைச்சல் கேட்டது. ஒலிபெருக்கியில் “மிஸ்டர் மூருகேசன், மிஸ்டர் மூருகேசன்” என்று என் பெயரை இழுத்து நீட்டி யாரோ உருக்கமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடல் முழுக்க என்னைத் தேடும்போது, நான் அலமாரியில் இருந்த இரண்டு உயிர்காப்பு அங்கிகளை மடியில் வைத்துக்கொண்டு நனையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. பூட்ஸ் சத்தம். பின்னால் வந்த செருப்புச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மாமா.

கூடத்தில் அட்டைகளைச் சரிபார்த்தபோது அந்தக் கப்பலிலேயே ஒரே ஓர் ஆள்தான் வரவில்லை என்று தெரிந்திருக்கிறது. அவனோடு தங்கியிருந்தவர் யார் என்று கேட்டு மாமாவைக் கூட்டிப்போய், கேமராவில் பதிவானதைக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையும் பட்டுக்கரை வேட்டியும் எங்கள் பால்கனியிலிருந்து விழுவதை அவர் பார்த்திருக்கிறார். காலையில் அதே உடுப்பில் இருந்த என்னோடுதான் அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். துணியை எடுத்து நான் உடுத்திவிட்டேன் என்றே நினைத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

தாபா ஏதோ கேட்டார். ஜெனிஃபரின் குரல் அதைத் தமிழாக்கியது. “ஐயா, அவருக்கு வீட்டுல ஏதும் சண்டை, மனக்கஷ்டம்...?”

“சண்ட போடுற அளவுக்கெல்லாம் அவருக்கு வெவரம் பத்தாதும்மா” என்றார் மாமா. குரல் கரகரத்திருந்தது.

“குடிப்பழக்கம்?”

“சோடா குடிச்சாலே நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துருவாரு.”

“நீச்சல் தெரியுமா ஐயா?”

“செம்பகத்தோப்பு ஓடையில எம் பேத்தி நின்னு வெளையாடும். முழங்கால் தண்ணி. இவரு கரையில நின்னுக்கிட்டு ‘பாத்து, பாத்து’ன்னு கத்துவாரு. எறங்கமாட்டாரு. நீச்சல் தெரியாதும்மா.”

அப்புறம் மாமாவே தொடர்ந்து பேசினார்.

“எழுதிக்கோங்கம்மா. எங்க வீட்டுக்கு மருமகனா வந்து ஆறு வருசமாச்சு. நானும் அந்த ஆறு வருசமும் அவர சோதன போட்டுக்கிட்டேதான் இருந்தேன். ஒண்ணுஞ் சிக்கல. சுத்தமான ஆளு. அவருகிட்ட இத ஒருநாளும் நான் சொன்னதில்ல” என்றார். “முப்பத்திரெண்டு வருசம் கேட்டுல நின்னவன். ஒரு கண்டு நூலு என்னத் தாண்டிப் போனதில்ல. இன்னைக்கு ஒரு மனுசனை விட்டுப்புட்டு மேல வேடிக்க பாக்கப் போயிட்டேனே. எம் மவ கேட்டா என்ன சொல்லுவேன்?”

அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மாமா அழுதுகொண்டிருந்தார்.

எனக்குப் போலீஸ், கேடயம் எல்லாம் மறந்துபோனது. அலமாரிக் கதவைத் தள்ளினேன். முதலில் உயிர்காப்பு அங்கி இரண்டும் விழுந்தன. அவற்றின்மேல் நான், துண்டோடு, ஒரு கன்னத்தில் காய்ந்த நுரையோடு. ஜெனிஃபர் வீறிட்டாள். தாபா ஒரு எட்டுப் பின்னால் பாய்ந்து தடியை உருவிவிட்டார்.

மாமா என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“ஏலே!” என்றார். “இங்கயால இருந்த?”

மருமகனை ‘ஏலே’ என்று கூப்பிடுகிற மாமனார் எங்கள் பக்கத்தில் கிடையாது. என்மேல் பாய்ந்து தோளைப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தோளிலிருந்து இரண்டு கைகளையும், பிறகு விலா, முதுகு, இடுப்பு என்று தடவிக்கொண்டே வந்தார். ஆலை வாசலில் ஆளைச் சோதிக்கிற அதே கை. முழுசாக இருக்கிறேனா என்று பார்க்க அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். தாபாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். தடியைச் சத்தமில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

முழுசாகத்தான் இருக்கிறேன் என்று உறுதியானதும் மாமா கண்ணைத் துடைத்தார். தாபா பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றார்.

“சார், ஆளு இந்தா இருக்காரு. புடிச்சு உள்ள வைங்க.”

பாதுகாப்பு அலுவலகத்தில் என்னிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். வேட்டி தானாகப் பறந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். மாமா குறுக்கே வந்தார். “தானாப் பறக்கல. இவரு போர்டப் பாத்தாரு. நானுஞ் சொன்னேன். கேக்கல. அதையும் எழுதுங்கம்மா.” சாட்சிக் கையெழுத்தும் அவரே போட்டார். எனக்கு ஆதரவாகச் சொன்னது ஒன்றுதான்: “அறிவு கொஞ்சம் கம்மி. கெட்ட எண்ணம் கெடையாது.” அதைக் கேட்டுக் கேப்டன் தரப்பில் முடிவு செய்தார்கள். போலீஸ் வேண்டாம். எச்சரிக்கைக் கடிதமும், சென்னை சேரும்வரை அறைக்காவலும் போதும். ‘அந்தக் கீழ் ரூம்புல வைக்கலையா?’ என்று மாமா கேட்டதில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.

தள்ளிப்போட்ட பரிசளிப்பு விழாவில் என் கேடயத்தை மாமாதான் மேடையேறி வாங்கினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம். நான் அறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைத் தரைவழியாகக் கேட்டேன். வாசலில் தாபா காவல். விழா முடிந்து வந்த மாமா உள்ளே வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாபா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இவருக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் அன்று சாயங்காலம்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். டிபன் பாக்ஸின் அடித்தட்டில் நூல்கண்டை எப்படி ஒளிப்பார்கள் என்று மாமா விளக்குவதும், தாபா ‘அச்சா, அச்சா’ என்று வியப்பதும் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அந்த வழியாகப் போன குழந்தைகள், “இந்த ரூம் அங்கிள்தான் செத்துப்போனவரு” என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு போனார்கள்.

சென்னையில் எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகுதான் என்னை இறக்கினார்கள். இனி அந்தக் கப்பல் கம்பெனியின் எந்தக் கப்பலிலும் நான் ஏற முடியாது என்று ஒரு கடிதம். கூடவே, சீல் வைத்த பிளாஸ்டிக் பையில் வேட்டி, சட்டை, ஹேங்கர். மீட்புப் படகுக்காரர்கள் அதைத்தான் மீட்டிருந்தார்கள். ஹேங்கர் கப்பலுடையது என்று மாமா பையைப் பிரிக்கச் சொல்லி அதை மட்டும் திருப்பிக் கொடுத்தார். தாபா அவருக்குச் சல்யூட் அடித்தார். மாமாவும் அடித்தார். நானும் கையைத் தூக்கினேன். அதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே மாமா ‘வாங்க மாப்ள, போங்க மாப்ள’வுக்குத் திரும்பிவிட்டார். அலமாரிக்குள் இருந்து நான் என்னென்ன கேட்டேன் என்று அவரும் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் என் பையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக என்னையே பார்க்க ஆரம்பித்தார். கல்யாணமோ கோயிலோ, குடும்பமாக எங்கே கிளம்பினாலும் வேன் வாசலில் நின்று தலைகளை எண்ணுவார். எண்ணிக்கை என்னிடமிருந்துதான் தொடங்கும். திரும்பும்போதும் அப்படியே. நான் டீ குடிக்க ஒதுங்கினால் மொத்த வேனும் காத்திருக்கும்.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. பயணமெல்லாம் நின்றுவிட்டது. போன மாதம் மைத்துனியின் பிள்ளைக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் கிளம்பினோம். வேனில் எல்லாரும் ஏறி, டிரைவர் சாவியில் கைவைத்ததும் கலைச்செல்வியின் செல்போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். வேன் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“எல்லாரும் ஏறியாச்சா?”

“ஏறியாச்சுப்பா.”

“மாப்ள?”

“உள்ளதான் இருக்கேன் மாமா” என்றேன்.

“அவரு சொல்றது இருக்கட்டும்” என்றார். “ஏட்டி, நீ கண்ணால பாத்தியா?”

“பாத்துட்டேன்ப்பா. வேட்டிக்குள்ளதான் இருக்காரு.”

“அப்பச் சரி. வண்டிய எடுக்கச் சொல்லு.”